கணவாய் ரோட்டில் நான் இறங்கிய இடம்

அன்புள்ள வேலு,

கல்யாணப் பந்தலில் நான் நிற்க வேண்டிய இடத்தில் பெரியப்பா நிற்கட்டும் என்று நீ சொல்லிவிட்டுப் போனதை உன் அம்மா என்னிடம் சொன்னாள். அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்து, கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, பிறகுதான் சொன்னாள். "கோவத்துல சொல்லலைங்க. தேத்தண்ணி குடிச்சுக்கிட்டே நிதானமாத்தான் சொன்னான். அதான் எனக்குப் பயமா இருக்கு," என்றாள். என்ன நடந்தது என்று கேட்டாள். உன்னிடமும் கேட்டாளாம், நீ வாய் திறக்கவில்லையாம். நானும் திறக்கவில்லை. மறுநாள் அண்ணன் கடைக் கல்லாவை விட்டு எழுந்து வீட்டுக்கே வந்துவிட்டார். "ஏன்டா, பெத்தவன் நீ இருக்கும்போது என்னைய எதுக்குடா நிக்கச் சொல்றான்? நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்றது?" என்றார். முப்பது வருஷமாகக் கடை வாசலில் நாலு பேருக்குப் பதில் சொல்லிப் பழகியவர் அவர். கொல்லைப்பக்கம் போய்க் காலைக் கழுவிக்கொண்டிருந்தேன், அவர் கிளம்பும் வரைக்கும்.

நீ அம்மாவிடம் சொல்லாமல் விட்டதை நான் இங்கே எழுதுகிறேன். இதை நான் செய்தி எழுதும் பத்திரிகையின் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்துக்கு அனுப்பலாம் என்று இருக்கிறேன். தோட்டத்தின் பெயரும் உன் மாமனாராகப் போகிறவரின் பெயரும் இதில் வராது. அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை அவர்; அங்கேதான் அவருக்குச் சோறு. முதல் பிரதி உனக்கு வருகிறது. வேண்டாம் என்று ஒரு வரி எழுதினால் உன்னோடு நிறுத்திவிடுவேன். வீட்டு விஷயம் பத்திரிகைக்கு எதற்கு என்று நீ கேட்கலாம். அன்றைக்கு நான் சொன்னதை நடுரோட்டில் சொன்னேன், மேலே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் காதிலும் விழும்படி. அதற்கு மாற்றை உறைக்குள் வைத்து ஒட்டி அனுப்பினால், மறுபடியும் ஒளிந்துகொண்டதாகத்தான் ஆகும்.

உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ, நீ சின்னப் பையனாக இருந்தபோது சைக்கிள் பாரில் ஒரு துண்டை மடித்துக் கட்டி உன்னை உட்காரவைத்து நானுஓயா ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போவேன். எழுதிய செய்தியைக் கொழும்பு ரயிலில் தபாலாகச் சேர்த்துவிட்டு, அங்கேயே ஆளுக்கொரு வடை தின்றுவிட்டு, ஏற்றத்தில் மூச்சு வாங்க நுவரெலியாவுக்குத் திரும்புவோம். வழியில் ஒரு பங்களா ரோட்டை ஒட்டி இருந்தது. தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை வராந்தாவில் இருந்தால் அந்த வழியாகச் சைக்கிளில் போகிறவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும், தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், குடை பிடித்திருந்தால் மடக்க வேண்டும். எந்தச் சட்டத்திலும் இல்லாத வழக்கம் இது. ரோடு அரசாங்கத்தின் ரோடு. நான் இறங்குவேன். ஒரு தடவை நீ பாரில் உட்கார்ந்தபடியே, "ஏம்பா இறங்குறீங்க?" என்று கேட்டாய். "டயர்ல காத்து இல்லடா," என்றேன். நீ குதித்து இறங்கி, முன் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாய். பிறகு பின் டயரை. "காத்து இருக்குப்பா. கல்லு மாதிரி இருக்கு," என்றாய். "போகப் போக இறங்கிடும்," என்று சொல்லி உன்னை இழுத்துக்கொண்டு நடந்தேன். அடுத்த முறை கிளம்பும்போது பெரியப்பா கடையிலிருந்து காற்றுப் பம்பை இரவல் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாய். பங்களா வந்ததும் நான் இறங்கினேன். நீ பம்பை நீட்டினாய். அதை வாங்கி, தொரை பார்க்கிற இடத்திலிருந்து தள்ளிப் போய், நிறைந்திருந்த டயருக்குக் காற்று அடித்தேன். நீ மோட்டார் வேலைக்குப் போகிறேன் என்று ஹட்டன் கராஜில் சேர்ந்தபோது, இந்தப் பையனுக்குச் சக்கரத்தின் மீது இத்தனை ஆசை எங்கிருந்து வந்தது என்று உன் அம்மா வியந்தாள். எனக்குத் தெரிந்திருந்தது. சொல்லவில்லை.

போன மழைக்காலத்தில் நான் எழுதிய கட்டுரையைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு தோட்டத்தில், கொட்டுகிற மழையில் குடையை மடக்காமல் தொரையைக் கடந்து போனதற்காக ஒரு தொழிலாளியைக் குடும்பத்தோடு வெளியேற்றிவிட்டார்கள். வேலை நீக்கப் பத்துச்சீட்டு எழுதிக் கையில் கொடுத்தால் அதற்கு மேல் தோட்டத்து லய வீட்டில் இருக்க முடியாது. சட்டி பானையோடு அவர்கள் வட்டகொடை ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்து எழுதினேன். நன்றாகத்தான் எழுதினேன், அதில் பொய்யில்லை. கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். தோட்டத்து ஆட்களுக்கு வேறு போக்கிடம் இல்லை, அவர்கள் இறங்குகிறார்கள்; தொரையிடம் ஒரு சல்லிகூடச் சம்பளம் வாங்காத பஜார்காரர்கள் ஏன் இறங்குகிறார்கள், எதற்குப் பயந்து இறங்குகிறார்கள் என்று. அந்தப் பத்தியை நீ கராஜில் எல்லாருக்கும் உரக்கப் படித்துக் காட்டினாய் என்று கேள்விப்பட்டேன். பாஸ் என்று நீங்கள் கூப்பிடும் சிங்கள மெக்கானிக் ஒருத்தருக்கு அர்த்தம் சொல்லி விளக்கினாயாம். அவர் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, "இது உங்க அப்பாவா எழுதினது?" என்று கேட்டாராம். நீ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆமாம் என்றாயாம். இதைச் சொன்னது உன் கூட்டாளி. அதைக் கேட்டு நான் மூன்று நாலு நாள் சந்தோஷமாகத் திரிந்தேன். சைக்கிளில் இறங்கிய பஜார்காரன் நான்தான் என்பது அப்போது என் நினைவுக்கு வரவே இல்லை. பேனாவைப் பிடித்தால் நான் வேறு ஆளாகிவிடுகிறேன். அந்த ஆளைத்தான் நீ உன் அப்பா என்று நம்பியிருந்தாய்.

பரிசம் போடப் போன நாளுக்கு வருகிறேன். வீட்டார் எல்லாரும் பஸ்ஸில் முன்னால் போய்விட்டார்கள். தேங்காய்ப் பையை அம்மா மறந்து வாசலிலேயே விட்டுப் போயிருந்தாள். நீ, "வாங்கப்பா, நம்ம வண்டியில போயிரலாம். பஸ்ஸுக்கு முந்தியே ரம்பொடைப் பக்கம் இறங்கிடலாம்," என்றாய். தேயிலை விலை விழுந்து வேலை போய்ச் சீமைக்குத் திரும்பிய ஒரு சின்னதொரை விட்டுப் போன மோட்டார் சைக்கிள் அது. நீ அதை மாதக்கணக்கில் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டி ஓடவைத்திருந்தாய். அந்த ரோட்டில் அதை ஓட்டுவது உனக்கு முதல் தடவை. எனக்கு அதில் ஏறுவதே முதல் தடவை. ஒரு கையில் தேங்காய்ப் பை, மறு கை உன் இடுப்பில். உன்னை இவ்வளவு நெருக்கமாகப் பிடித்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் நீ சாய்ந்தால் நான் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். கணவாய் உச்சியில் எஞ்சின் ஆறட்டும் என்று நிறுத்தினாய். பனிமூட்டம் ரோட்டை மூடியிருந்தது. சட்டைக்குள் குளிர் ஊசியாகக் குத்தியது. "வளைவுல வண்டி சாயும்போது நீங்களும் கூடவே சாயணும்பா. நீங்க தனியா நிமிந்து உக்காந்தா ரெண்டு பேரும் சேந்து விழுவோம்," என்றாய். "நீ சாயும்போது பள்ளம் கண்ணு முன்னாடி வருதுடா," என்றேன். "அப்ப கண்ணை மூடிக்குங்க. ஆனா சாயுங்க." நான் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தேன். இறக்கத்தில் இரண்டு வளைவு தாண்டுவதற்குள் பழகிவிட்டது. மூட்டத்துக்குக் கீழே வந்ததும் வெயில் அடித்தது. பள்ளம் முழுக்கத் தேயிலை. நான் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தேன் என்று நினைக்கிறேன். தேங்காய் உன் முதுகில் இடிப்பதாக நீ சொல்லிச் சிரித்தாய்.

அதற்கு அடுத்த வளைவில்தான் உன் மாமனார் வேலை பார்க்கும் தோட்டத்தின் பங்களா, அங்கேயும் அதே இறங்கும் வழக்கம். தொரை இரண்டு நாய்களோடு ரோட்டோரமாக நடந்துகொண்டிருந்தார், கையில் பிரம்பு. நீ வேகத்தைக் குறைத்தாய். ஹாரனை ஒரு தடவை மெதுவாக அடித்தாய். ரோட்டின் நடுவுக்கு ஒதுங்கி, மரியாதையாகத்தான், அவரைக் கடந்தாய். நீ செய்தது அவ்வளவுதான். அதில் ஒரு தப்பும் இல்லை என்று நிருபராக நான் சாட்சி சொல்வேன். நான் என்ன செய்தேன் என்றால், ஓடிக்கொண்டிருந்த வண்டியிலிருந்து குதித்தேன். யோசித்துக் குதிக்கவில்லை. உடம்பு தானாக இறங்கியது. ரோட்டில் விழுந்து முழங்கால் தேய்ந்து, எழுந்து நின்றபோது தலைப்பாகை என் கக்கத்தில் இருந்தது. எப்போது கழற்றினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பை கிழிந்து தேங்காய்கள் உருண்டன. ஒன்று தொரையின் பூட்ஸில் போய் இடித்து நின்றது. நாய் அதை மோந்து பார்த்தது.

"யார் நீ? எந்தத் தோட்டம்?" என்றார் தொரை. வெள்ளைக்காரர்கள் பேசுகிற அந்தத் தமிழில்.

"சலாங்க தொரை. நுவரெலியா பஜாருங்க."

"இந்தப் பக்கம் எங்கே போறது?"

"கணக்கப்பிள்ளை வீட்டுக்குங்க தொரை. விசேஷங்க."

நீ அதற்குள் வண்டியைத் திருப்பிக்கொண்டு என்னைத் தூக்க வந்துகொண்டிருந்தாய். தொரை பிரம்பால் உன்னைக் காட்டினார். "அது யார்? உன் ஆளா?"

"தெரியாதுங்க தொரை. கூலி பேசி ஏறி வந்தேன். யாரோ எவனோங்க," என்றேன்.

நீ கேட்டுவிட்டாய். உன் முகத்தைப் பார்க்காமல் இருக்கத்தான் நான் குனிந்து தேங்காய் பொறுக்கினேன். நீயும் வந்து பொறுக்கினாய். தொரை உன்னிடம், "ரோட்டில் நாய் இருக்கு, மெதுவாப் போ," என்று மட்டும் சொன்னார். நீ இறங்காமல் கடந்தாய் என்று அவர் ஏசவும் இல்லை. நீ என் முழங்காலைப் பார்த்தாய், உன் கைக்குட்டையை எடுத்து நீட்டினாய். பிறகு, "ஏறுங்க முதலாளி, நேரமாகுது," என்றாய். தெரியாத ஆளிடம் வாடகை வண்டிக்காரன் பேசுகிற அதே குரல். மேலே மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கை ஓயாமல் கிள்ளிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு காரணம் சொல்லலாம். இறங்காமல் போனவன்தான் மாப்பிள்ளை என்று தொரைக்குத் தெரிந்தால் கணக்கப்பிள்ளையின் வேலைக்கு ஆபத்து, அதனால்தான் மறைத்தேன் என்று சொல்லலாம். கேட்கிறவர்களும் சரிதான் என்பார்கள். ஆனால் அந்தக் காரணம் எனக்கு அடுத்த வளைவு தாண்டிய பிறகுதான் தோன்றியது. தோன்றியதும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வாய் பேசியபோது உள்ளே பயம் மட்டுந்தான் இருந்தது, வேறு யாரும் இல்லை. உன் மாமனார் இல்லை, நீயும் இல்லை.

பெண் வீட்டில் என் காலைப் பார்த்து என்னவென்று கேட்டார்கள். வழுக்கிவிட்டது என்றேன். "பையன்கூடத்தான் வந்தீங்களா?" என்று சம்பந்தி கேட்டபோது நீ முந்திக்கொண்டு, "ஆமாங்க, நான்தான் ஏத்திக்கிட்டு வந்தேன்," என்றாய். அது பொய்யும் இல்லை. அதற்குப் பிறகு எல்லாரும் பாயில் உட்கார்ந்து, தட்டை நடுவில் வைத்து, மாப்பிள்ளையின் அப்பா வாய் திறந்து கேட்கட்டும் என்று என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். என் மகன் வேலுவுக்கு உங்கள் பெண்ணைக் கேட்டு வந்திருக்கிறோம். 'என் மகன்' என்ற இடத்தில் நிறுத்தி, தட்டிலிருந்த வெற்றிலையைத் திருப்பித் திருப்பி அடுக்கினேன். கூட்டத்தில் யாரோ ஒருவர், "பாருங்க, சந்தோஷத்துல மனுசனுக்குப் பேச்சு வரல," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கடைசியில் அந்த வாக்கியத்தைப் பெரியப்பாதான் முடித்து வைத்தார். பந்தலில் அவர் நிற்கட்டும் என்று நீ அப்போதே முடிவு செய்துவிட்டாயோ என்று இப்போது நினைக்கிறேன்.

திரும்பும்போது பஸ்ஸில் வருகிறேன் என்று சொன்னேன். நீ வண்டியைத் துடைத்துக்கொண்டே, யாருக்கும் கேட்காமல், "கூலி பேசினது ரெண்டு வழிக்குந்தானே. ஏறுங்க," என்றாய். ஏறினேன். ஏற்றத்தில் எஞ்சின் முனகிக்கொண்டே போனது. பங்களாவுக்கு ஒரு வளைவு முன்னால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தாய். "இறங்கணும்னா இறங்குங்க. தாண்டி அந்தப் பக்கம் காத்திருக்கேன்," என்றாய். நான் எட்டிப் பார்த்தேன். வராந்தாவில் ஆள் இல்லை. பூந்தோட்டத்தில் ஆள் இல்லை. கதவுகள் சாத்தியிருந்தன, தொரை எங்கேயோ காரில் போயிருக்க வேண்டும். ரோட்டில் நீயும் நானுந்தான்.

இறங்கினேன், வேலு. அதற்கு ஒரு காரணமும் இல்லை. பிற்பாடு தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. பூட்டிக் கிடந்த வீட்டுக்கு முன்னால் தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு, அடிபட்ட காலை இழுத்து இழுத்து ஏற்றத்தில் நடந்தேன். நீ அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். வந்து ஏறியபோது நீ ஒரு வார்த்தை கேலியாகச் சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். உச்சியில் மூட்டம் இன்னும் அடர்ந்திருந்தது. உன் இடுப்பைப் பிடிக்க எனக்குக் கை வரவில்லை. சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வளைவுகளில் உன்னோடு சாய்ந்தேன். அது மட்டும் சரியாக வந்தது. வாசலில் என்னை இறக்கிவிட்டுவிட்டு, அம்மா பஸ்ஸில் வந்து சேரும் வரை இருந்து, அவளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு ஹட்டனுக்குக் கிளம்பினாய்.

காலில் புண் ஆறியதும் நான் பஸ் ஏறி மறுபடி கணவாயைத் தாண்டிப் போனேன். முதலில் உன் மாமனார் வீட்டுக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார். "எனக்குத் தெரியும் சம்பந்தி. கொழுந்து எடுத்த பொம்பளைங்க அன்னைக்கே வந்து சொல்லிட்டாங்க. நீங்களாச் சொல்வீங்களான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்," என்றார்.

"தொரைகிட்ட உண்மையைச் சொல்லலாம்னு வந்தேன். உங்க வேலைக்கு ஏதாவது வரும்னா சொல்லுங்க, இப்படியே திரும்பிடறேன்."

"இப்ப எதுக்குங்க போய்ச் சொல்லணும்? அவரு கேக்கலையே."

"அவர் கேக்கல. என் மகன் காதுல விழுந்துருச்சு."

அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். இருபது வருஷமாகத் தினமும் அந்தப் பங்களா வாசலில் இறங்கி நிற்கிற மனிதர் அவர். என்மீது கோபப்படவோ என்னைப் பார்த்துச் சிரிக்கவோ அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. இரண்டும் செய்யவில்லை. "போய்ச் சொல்லுங்க. வர்றது வரட்டும். ஆனா நான் கூட வர மாட்டேன்," என்றார். கதவுக்குப் பின்னாலிருந்து காமாட்சியின் குரல் கேட்டது. "அப்பா, மாமாவுக்குக் கால் ஆறிடுச்சான்னு கேளுங்க." ஆறிவிட்டது என்று கதவைப் பார்த்துச் சொன்னேன். கொஞ்சம் விட்டு, "இன்னும் நொண்டித்தானே நடந்து வந்தாங்க," என்றது அந்தக் குரல். ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். உன் வருங்கால மனைவியிடம் பொய் சொல்லிப் பிழைக்க முடியாது என்பதை நீ இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்து ஆட்களை மலைக்கு அனுப்பியபின் தொரை ஆபீஸில் உட்காருவார். ஜன்னலுக்கு வெளியே குறை சொல்ல வந்தவர்கள் வரிசையாக நிற்பார்கள். நானும் நின்றேன். தலைப்பாகையைக் கழற்றாமல் நிற்க வேண்டும் என்று பஸ்ஸிலேயே தீர்மானித்துக்கொண்டு வந்திருந்தேன். என் முறை வந்தபோது கழற்றியிருந்தேன். உனக்கு இதில் வீரம் எதுவும் சொல்லப் போவதில்லை.

"தொரை, அன்னைக்கு ரோட்டுல மோட்டார் சைக்கிள்ல வந்தோமுங்க. நான் விழுந்தேனுங்க."

"எந்த மோட்டார் சைக்கிள்?" அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"பங்களா வளைவுலங்க. நீங்க நாயோட நடந்து வந்தீங்க. தேங்காய் உருண்டுச்சுங்க."

"ஓ, தேங்காய்." நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "ஆமா, தேங்காய். ஒண்ணை என் நாய் தூக்கிட்டு வந்துட்டது. அதுக்குக் காசு வேணுமா?"

"இல்லைங்க தொரை. அந்த வண்டியை ஓட்டினவனை யாருன்னு கேட்டீங்க. தெரியாதுன்னு சொன்னேன். அவன் என் மகனுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் இன்னும் ஏதோ சொல்வேன் என்று காத்திருந்தார். "சரி. உன் மகன். அதுக்கு என்ன?" என்றார்.

"அவ்வளவுதானுங்க."

"நல்லது. போ," என்றார். எனக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார். அதற்குள் நான் ஜன்னலை விட்டு நகர்ந்திருந்தேன்.

அவருக்கு உன்னையும் ஞாபகம் இல்லை, என்னையும் ஞாபகம் இல்லை. நான் யாரைத் தெரியாது என்றேன் என்பது அவர் காதில் தங்கவே இல்லை. கல்யாணமான மறுநாள் நீங்கள் இரண்டு பேரும் பழத்தட்டும் மாலையும் எடுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போய்ச் சலாம் சொல்ல வேண்டும் என்பது அங்கே வழக்கம். போவதா வேண்டாமா என்று நீயும் காமாட்சியும் உன் மாமனாரும் பேசி முடிவெடுங்கள். உன் மாமனார் அங்கே பிழைக்க வேண்டியவர் என்பதை மட்டும் அந்தப் பேச்சில் விட்டுவிடாதே. என்னிடம் கேட்காதே. அந்த விஷயத்தில் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

சொல்லக்கூடியது ஒன்றிரண்டு இருக்கிறது. அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கணவாயைத் தாண்டுவாய், நீ தாண்டாமல் இருக்க மாட்டாய். சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு உட்காரச் சொல். உச்சியில் மூட்டம் இருந்தால், எதிரே பஸ் வராது என்று நினைக்காதே. ஹாரனை அடித்துக்கொண்டே போ. இறக்கத்தில் எஞ்சினை அணைத்து உருட்டாதே. பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று எத்தனை பேர் பள்ளத்தில் போய்க் கிடந்தார்கள் என்று எழுதி எழுதி எனக்குக் கை சலித்திருக்கிறது. எப்படிச் சாய வேண்டும் என்று எனக்குச் சொன்னது போலப் பொறுமையாக அவளுக்கும் சொல்லு. அவள் பயந்து எதிர்ப்பக்கம் சாய்ந்தால் கத்தாதே. இன்னும் ஒன்று. நாலு பேர் முன்னால், பெரிய மனிதர்கள் முன்னால், உன் முதலாளி முன்னால், அவள் யார் என்று உன்னை யாராவது கேட்கிற நாள் வரும். கேட்ட உடனே பதில் சொல்லிவிடு. யோசிக்கலாம் என்று ஒரு மூச்சு நின்றால் அந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பயம் எனக்கு முந்தியே பேசிவிட்டதை நீ கேட்டாய்.

தொரையிடம் சொல்லிவிட்டேன், அதனால் என்னைப் பந்தலில் நிற்க விடு என்று கேட்க இதை எழுதவில்லை. நினைவில்லாத மனிதரிடம் சொன்னது ஒரு கணக்கிலும் சேராது. நினைவு இருப்பது உனக்கு. பெரியப்பா நிற்கட்டும். அன்றைக்கு அந்த வாக்கியத்தை முடித்து வைத்தவர் அவர்தான். அவரிடம் நானே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு, "சரிடா, நிக்கிறேன்," என்று மட்டும் சொன்னார். கடைக்குள் போய்விட்டார். உன் அம்மாவுக்கும் சொல்லிவிட்டேன். அவள் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் போடுகிறாள்.

அம்மாவோடு நானும் பஸ்ஸில் வருவேன். பந்தல் வாசலில் சந்தனக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு நிற்கிறேன் என்று உன் மாமனாரிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். அவர் பக்கத்துக் கூட்டம் பெரியது, பக்கத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் வருவார்கள், பாதிப் பேருக்கு என்னைத் தெரியாது. அன்றைக்கு மலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பெண்களும் வருவார்கள். நீங்க மாப்பிள்ளைக்கு என்ன வேணும் என்று யாராவது கேட்பார்கள். கல்யாண வீட்டில் அதைக் கேட்காமல் உள்ளே போகிறவர்கள் கிடையாது. மாப்பிள்ளை என் மகன் என்று ஒவ்வொருத்தருக்கும் சொல்வேன். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, அங்கே வேறொருவர் நிற்கிறாரே, பெத்தவர் நீங்க எதுக்கு வாசலில் நிற்கிறீங்க என்று கேட்டால், அதையும் சொல்வேன்.

இப்படிக்கு,
உன் அப்பா